நட்டுவிட்டு மறந்துவிடலாமா?

கொங்கு நாட்டில் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினால் ஒரு வாக்கியம் கட்டாயம் வந்துவிடும். "ஆள் எங்கீங்க கெடைக்குது?"

உண்மைதான். திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவை பவுண்டரிக்கும் போன ஆட்கள் களையெடுக்கத் திரும்பி வருவதில்லை. கிணற்றில் தண்ணீரும் குறைந்துவிட்டது. பிள்ளைகளோ பெங்களூரில். அதனால் பருத்தியும் மஞ்சளும் விளைந்த பூமியில் பலர் மரம் நட்டுவிட்டார்கள். காகிதத்துக்குச் சவுக்கும் தைலமரமும், பிளைவுட்டுக்கு மலைவேம்பு. கரூர் காகிதபுரத்தில் டி.என்.பி.எல்., பள்ளிபாளையத்தில் சேஷசாயி என்று வாங்குவதற்கு ஆலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. சவுக்கை மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் வெட்டிவிடலாம். "நட்டு விட்டுட்டு மறந்துரலாமுங்க" என்பதுதான் மர விவசாயத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய விளம்பரம்.

மறந்தால் என்ன ஆகும்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சவுக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். பந்தல்காலும் கட்டிடச் சாரமும் கொடுத்த கடலோர மரம், இப்போது காகிதக் கூழுக்காக உள்நாட்டு மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. இதற்கு ஒரு பழைய எதிரி உண்டு. ட்ரைக்கோஸ்போரியம் வெசிகுலோசம் என்ற பூஞ்சை. வெசிகுலோசம் என்றால் கொப்புளம் கொண்டது என்று அர்த்தம். பெயரிலேயே நோய் இருக்கிறது! பட்டைக்கு அடியில் புகுந்து பரவும். பட்டை கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கொப்புளம் வெடித்தால் உள்ளே கரித்தூள் மாதிரி கறுப்பாக வித்துகள் இருக்கும். காற்று அவற்றை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். இதற்குள் மேலே பசுமை மங்கி, மஞ்சளாகி, மரம் நின்றபடியே காய்ந்துவிடும். இந்தப் பூஞ்சைக்கு ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு சுப்ரமணியனோஸ்போரா என்று பெயர் மாற்றினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பூஞ்சையியல் அறிஞர் சி.வி. சுப்பிரமணியனைக் கௌரவிக்கும் பெயர். மரத்தைக் கொல்லும் பூஞ்சைக்கு ஒருவர் பெயரை வைப்பது கௌரவமா என்று கேட்கக்கூடாது. அந்தத் துறையில் அது பெரிய மரியாதை!

இந்தப் பூஞ்சை உள்ளே வர ஒரு வாசல் வேண்டும். பெரும்பாலும் அந்த வாசலைத் திறந்துவிடுவது மனிதன்தான். ஆள் உள்ளே போய்வர வசதியாக இருக்கட்டும் என்று பக்கக் கிளைகளை அரிவாளால் கழிக்கிறார்கள். பட்டை கிழிந்து காயமாகிறது. அந்தக் காயம் போதும். மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ஏக்கருக்கு 4000 மரம் நெருக்கி நட்ட காட்டில், நோய் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போக அதிக தூரம் இல்லை.

விலை டன் கணக்கு. நின்றபடி காய்ந்த மரத்தில் எடை இருக்காது. நாலு வருடம் காத்திருந்தவருக்கு அந்த நேரத்தில் மிஞ்சுவது விறகு விலைதான். வெண்டைக்காய்க்கு நோய் வந்தால் ஒரு போகம் போகும். மரத்துக்கு வந்தால் போவது நாலு வருடம்.

இரண்டாவது விஷயம், குளோன். நன்றாக வளர்ந்த ஒரு தாய் மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் துளிரை வேர்விடச் செய்து, ஆயிரக்கணக்கில் கன்று எடுக்கிறார்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன். பார்க்க அணிவகுப்பு மாதிரி அழகாக இருக்கும். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி என்றால் திருடனுக்கும் ஒரு சாவி போதுமே!

2000களில் தைலமரத்தில் இது நடந்தது. லெப்டோசைப் இன்வேசா என்ற குளவி, ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பூர்வீகம் ஆஸ்திரேலியா. அறிவியல் உலகம் இதற்குப் பெயர் வைத்தது 2004இல்தான். பல நாடுகளுக்குப் பரவி, தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் வந்துவிட்டது. இது பூச்சிதான், நோய் அல்ல. ஆனால் பாடம் ஒன்றே. இலைக்காம்பிலும் நடு நரம்பிலும் முட்டையிடும். அந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கி, துளிர் சுருண்டு, இளங்கன்று வளராமல் நின்றுவிடும். சில குளோன்களில் கன்றுகள் வரிசையாகப் பாதிக்கப்பட்டன. வேறு சில குளோன்கள் தாக்குப்பிடித்தன. அந்தக் குளவியின் புழுவையே தின்னும் இன்னொரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஆக, குளோன் வில்லன் அல்ல. நோயைத் தாங்கும் மரத்தைத் தேடிப் பிடிக்கவும் அதே வழிதான் உதவுகிறது. கோவையில் 1988இல் தொடங்கிய வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் செய்யும் வேலை அதுதான். இந்தோனேசியச் சவுக்கான ஜங்குனியானாவும் அதன் கலப்பினங்களும் இங்கே வரவேற்பு பெற்றதற்கும் இது ஒரு காரணம். தவறு எங்கே என்றால், நன்றாக வந்த ஒரே குளோனை ஊர் முழுக்க நடுவதில்.

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. சுமத்ராவிலும் மலேசியாவின் சபாவிலும் லட்சக்கணக்கான ஏக்கரில் அக்கேசியா மாஞ்சியம் நட்டார்கள். செராடோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை, கிளை கழித்த காயத்திலும் குரங்கும் யானையும் பட்டை உரித்த காயத்திலும் புகுந்தது. வேரழுகலும் சேர்ந்துகொண்டது. கடைசியில் மரத்தையே மாற்றி, யூகலிப்டஸ் நட வேண்டியதாயிற்று. அந்தக் கம்பெனிகள் மாற்றி நட்டுவிட்டன. மூன்று ஏக்கர்காரர் எப்படி மாற்றுவார்?

அவர் செய்யக்கூடியவை சிறிய வேலைகள்தான். ஒரே குளோனாக வாங்காமல் மூன்று நாலு கலந்து நடலாம். கொஞ்சம் இடைவெளி விடலாம். கிளை கழிப்பதைக் குறைத்து, கழித்தே ஆகவேண்டும் என்றால் பட்டை கிழியாமல் கழிக்கலாம். கொப்புளம் கண்ட மரத்தை உடனே வெட்டி வெளியே எடுத்துவிடலாம்.

இது எதுவும் பெரிய செலவு இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வாரம் ஒரு முறையாவது யாராவது தோட்டத்துக்குள் நடந்து, பட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆள் இல்லை என்பதற்காகத்தான் மரத்தை நட்டார்கள். மரமும் ஆளைத்தான் கேட்கிறது. ஏர் ஓட்டவோ களையெடுக்கவோ அல்ல, சும்மா வந்து பார்த்துவிட்டுப் போக.