கடல் கடந்தவரும் கரை திரும்பியவரும்

கடல் கடந்த தமிழரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சோழர்தம் கலங்களையும் வணிகப் பெருமக்களையும் நினைவுகூர்வது நம் வழக்கம். அவ்வழக்கம் தவறன்று. ஆயினும், கலம் செலுத்தியோரினும் அதன் தளத்தில் நெருங்கியமர்ந்து கூலிகளாய்ச் சென்றோர் பன்மடங்கு மிகுதியானவர். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் இலங்கை சென்ற வணிகர்க்குக் கணக்கேடும் கடிதமும் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்கோ எழுத்தில்லை. அவன் வரலாறு பிறர் ஏட்டில் வெறும் எண்ணாய் நின்றுவிட்டது. இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலுமாக வளர்ந்த நாங்கள் அம்மக்களைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

இராசபாளையம் என்னும் பெயரே ஒரு குடியேற்றத்தின் சுவடு. விசயநகர, நாயக்கர் காலங்களில் ஆந்திர நாட்டிலிருந்து தென்திசை வந்த இராசுக்களின் குடியிருப்பு அது. பழையபாளையம், புதுப்பாளையம் என்று வழங்கும் பகுதிகள் அதற்குச் சான்று. இல்லத்தில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக வாழும் அச்சமூகத்தில் தோன்றிய பூ. ச. குமாரசுவாமி ராஜா, 1949 முதல் 1952 வரை சென்னையின் ஆட்சித் தலைமையில் இருந்தார். வந்தோரை ஒரு மண் தன்னவராக ஏற்றுக்கொண்டால் என்ன விளையும் என்பதற்கு எங்கள் ஊர் எடுத்துக்காட்டு. அதே மண்ணைவிட்டுச் சென்றோர்க்கு என்ன நேர்ந்தது என்பது வேறு கதை.

மேற்கே மலைத்தொடர் ஓங்கி நின்றாலும், கிழக்கே விரிந்து கிடப்பது வானம் பார்த்த கரிசல் பூமி. கண்மாய் வற்றினால் உழவனுக்குக் கடன். கடன் முற்றினால் ஊர் துறத்தல். 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் வழிவழியாகச் சொல்லிவந்தனர். அத்தகைய காலங்களில் கங்காணி ஊருக்குள் வருவான். தலைப்பாகையும் கோட்டும் அணிந்த அவன் அயலானல்லன். பெரும்பாலும் உறவினன் அல்லது அதே ஊரான். கையில் முன்பணம் கொடுப்பான். அப்பணம் பயணச் செலவோடு சேர்ந்து தோட்டத்தில் கால்வைக்கும் முன்பே கடனாகிவிடும். தொழிலாளி வேறு தோட்டத்திற்கு மாற வேண்டுமெனில் அவன் கடன்தொகை குறித்த ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தாலன்றி அவனுக்கு விடுதலையில்லை. இம்முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது.

காப்பித் தோட்டக் காலத்தில் சென்றவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். 1914-இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்தும் அமைந்தன. 1927-இல் விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை எங்கள் இரு ஊர்களையும் தொட்டது. அதன்பின் எங்கள் ஊர் நிலையத்தில் வண்டியேறியவர், மதுரை வழியே மண்டபம் முகாமை அடைந்தார். அங்கே மருத்துவச் சோதனை முடிந்த பின்னரே கப்பல்.

தோட்டப் பயிர் மாறியதும் அவர்கள் வாழ்வு மாறியது. 1867-இல் சேம்சு டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளில் காப்பியை அழிக்கவே, மலைகள் எங்கும் தேயிலை பரவிற்று. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மிகுதியான ஆள் போதும். பணி முடிந்தவர் ஊர் திரும்பலாம். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. எனவே ஆண்டு முழுதும் ஆள் வேண்டும்; கொழுந்து கொய்யப் பெண்கள் வேண்டும். இவ்வாறே தனியாட்கள் குடும்பங்களாயினர். விடியுமுன் பிரட்டுக்களம், பகலெல்லாம் மலைச்சரிவு, இரவில் ஒற்றையறை லயம் என்று தலைமுறைகள் கழிந்தன. பிள்ளைகள் பிறந்த மண் மலைநாடாயிற்று. பாட்டன் சொன்ன ஊர்ப்பெயர் மட்டும் இந்தியாவில் இருந்தது.

1947-இல் இலங்கை நாடாளுமன்றத்திற்கு இலங்கை இந்தியர் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மறு ஆண்டே, 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களுள் பெரும்பாலோர் நாடற்றவராயினர்; 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30-இல் சாத்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வதெனவும் இசைந்தனர். அவ்வெஞ்சியோரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பாகப்பிரிவினையில் பாத்திரங்களைப் பங்கிடுவது போல மக்கள் பங்கிடப்பட்டனர். எந்த நாடு வேண்டுமென்று அம்மக்களின் கருத்தறிந்து செய்த உடன்பாடன்று அது.

அதன்வழி நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தனர். பாட்டன் ஏறிய அதே மண்டபம் முகாம், பேரனை வரவேற்கும் முகாமாயிற்று. நீலகிரியில் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. 1969-இல் தாயகம் திரும்பியோர்க்கெனக் கூட்டுறவு வங்கி ஒன்று எழுந்தது. இம்முயற்சிகள் போற்றத்தக்கன. எனினும், அவற்றுக்கு வெளியே சிதறிய குடும்பங்கள் ஏராளம்.

எங்கள் பள்ளி நாள்களில் அத்தகைய குடும்பத்துப் பிள்ளை ஒருவன் எங்கள் வகுப்பில் சேர்ந்தான். அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. ஊரார்க்கோ அவன் ‘சிலோன்காரப் பையன்’. பால் கலவாத தேநீரைச் சாயத்தண்ணி என்பான். மலை மழைக்குத் தலைமேல் போர்த்திய கம்பளிகளை அவன் வீட்டார் உடன் கொண்டுவந்திருந்தனர். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அவை பெட்டிக்கடியிலேயே கிடந்தன. அவன் தாய் பஞ்சாலையில் வேலைக்குச் சென்றார். மாலை வேளைகளில் மேற்கு மலையைக் காட்டி, “இந்த மலையில் ஏன் தேயிலை இல்லை?” என்று அவன் கேட்பான். அத்தொடரின் மறுபுறம் மேகமலையில் தேயிலை உண்டு என்பது அன்று எங்களுக்கும் தெரியாது.

அவர்களிடம் இருந்த குடும்ப அட்டையில் பூர்வீக ஊர் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வூரைத் தேடி அவன் தந்தை திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பல நாள் அலைந்தார். ஊர் இருந்தது, அவரை அறிந்தார் எவருமில்லை. பங்காளி என்று ஒருவரைச் சுட்ட, அவர் நிலத்திற்குப் பங்கு கேட்க வந்துவிட்டானோ என அஞ்சிக் கதவடைத்தார். பின்னர், மகனுக்குச் சாதிச் சான்று வேண்டி ஓர் அலுவலகம் சென்றபோது, “இவ்வூரில் உம்மை யாருக்குத் தெரியும்?” என்று கேட்டனர். அவர் எங்களிடம் சொன்ன சொல் இன்றும் செவியில் நிற்கிறது: “அங்கே இருந்தப்போ கள்ளத்தோணின்னாங்க, இங்கே வந்தா சிலோன்காரன்கிறாங்க. எங்களுக்குன்னு ஒரு ஊரு எங்கே தம்பி இருக்கு?”

இக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை அரசுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. ஆனால், சட்டம் தருவது குடியுரிமை. ஊர் என்னும் உரிமையை அண்டை வீட்டாரே தர இயலும். பெயர் சொல்லி அழைத்தல், பந்தியில் இடமளித்தல், சான்று கேட்கும் இடத்தில் ‘இவர் எம்மவர்’ என்று சாட்சி சொல்லல் ஆகிய எளிய செயல்களால்தான் ஒருவர்க்கு ஊர் உண்டாகிறது. இராசுக்களுக்கு ஒரு காலத்தில் அவ்வாறே உண்டாயிற்று. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் தமிழகத்து நூற்பாலைகளுக்கு வருகின்றனர். அந்த ஒடிசாவுக்கு ஆளுநராகச் சென்று பணியாற்றியவர் எங்கள் ஊர்க் குமாரசுவாமி ராஜாவே. வந்த இளைஞரை ‘வடக்கத்தியான்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டால், சிலோன்காரன் என்ற சொல்லின் கதையே தொடரும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையகத்தில் பிறந்து இங்கு வந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். களப்பணிக்குத் தலைப்புத் தேடும் தமிழ்த்துறை மாணவர்கள் அவர்தம் திண்ணையில் சென்று அமரட்டும். தோட்டத்துச் சொற்களையும் பயண நினைவுகளையும் அவர் வாய்மொழியாகவே பதிவு செய்யட்டும். ஊர்ப் பெரியோர், சான்றிதழுக்காக அலையும் அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஒருமுறை அலுவலகம் வரை உடன் செல்லட்டும். ஏட்டில் எண்ணாய் நின்றவர்களை மனிதராய் எழுதுவதற்குக் காலம் இன்னும் சிறிது இருக்கிறது.