அம்மா புடவையின் கரையும் ஒரு கல்யாண ரவிக்கையும்

 

வைகாசியில நம்ம கோயில் மண்டபத்துல நடந்த ஒரு கல்யாணத்தோட படங்களை இங்கே போட்டிருந்தோம். அன்னையிலிருந்து ஒரே கேள்விதான். "பொண்ணு போட்டிருந்த ரவிக்கை எந்தக் கடையில தைச்சது? கிள்ளானா, பிரிக்பீல்ட்ஸா?" ரெண்டும் இல்லை. பொண்ணே வரைஞ்சு, நம்ம கோயில் தையல் குழுவோட உட்கார்ந்து தைச்சது. அவங்க குடும்பத்தோட சம்மதத்தோட அந்தக் கதையை எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

புதுசா இந்தப் பக்கத்துக்கு வந்தவங்களுக்கு முதல்ல எங்களைப் பத்தி ரெண்டு வரி. சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்துக்குப் பின்னால இருக்கிற சின்ன அறையில கூடுறோம். ஏழு பேர், ரெண்டு மிஷின். அம்மன் பாவாடை, சந்நிதித் திரை, தொம்பை, கொலுப்படித் துணி, தேர்த் தொங்கல் எல்லாம் அங்கேதான் தயாராகுது. விக்கிரகத்தை நாங்க தொடுறதில்லை. குருக்கள் ஐயா நூல் பிடிச்சு அளந்து, இடுப்புக்கு ஒரு முடிச்சு, பீடம் தொடுற இடத்துல ஒரு முடிச்சுன்னு போட்டுக் கொடுப்பார். அந்த நூல்தான் எங்களுக்கு அளவு.

ஐந்தரை மீட்டர் புடவையை ரெண்டரை அடி உற்சவருக்குக் கட்டணும்னா சும்மா சுத்திவிட முடியாது. முன்னாடியே மடிப்பு வச்சு, மேலே நாடா தைச்சு, அபிஷேகம் முடிஞ்சு திரை போட்ட கொஞ்ச நேரத்துக்குள்ள ஐயா கட்டி முடிக்கிற மாதிரி கொடுக்கணும். அப்புறம் மாலை ஏறும், நகை ஏறும், எலுமிச்சை மாலை ஏறும். கடைசியில சந்நிதியில நிக்கிறவங்க கண்ணுக்குத் துணி தெரியுற இடம் ரெண்டே ரெண்டு: முன்மடிப்பு விசிறி, பாதத்துக்கு மேலே கரை. இதைப் புரிஞ்சுக்க எங்களுக்குச் சில வருஷம் ஆச்சு. மார்புப் பக்கம் எவ்வளவு வேலை செஞ்சாலும் மாலைக்குள்ள போயிடும். அதனால புதுசா எது தைக்க ஆரம்பிச்சாலும் எங்க அறையில முதல் கேள்வி, "மாலை போட்ட பிறகு எது தெரியும்?"

தை மாசம் அந்தத் தங்கச்சி ஒரு பிளாஸ்டிக் பையோட வந்தாங்க. சின்ன வயசுல அம்மா கூடவே வந்து பூக்கட்டிப் பழகின பொண்ணு. அம்மா இறந்து மூணு வருஷம் ஆகுது. பையில இருந்தது அம்மாவோட கூறைப்புடவை, 1991-ல் கட்டினது. அரக்குச் சிவப்பு, முக்கோணம் முக்கோணமா ஏறுற கோயில் கரை. பல வருஷம் ஒரே மடிப்புல பீரோவுல இருந்ததால, மடிப்பு விழுந்த இடமெல்லாம் உடல் கிழிஞ்சு நூல் நூலா நின்னுச்சு. ஒரு பக்கத்துக் கரையில ஈரம் பட்டுப் பூஞ்சணம். இன்னொரு பக்கத்துக் கரை மட்டும் தப்பிச்சிருந்தது. பிரிஞ்சு நின்ன ஒரு ஜரிகை இழையைக் கீறிப் பார்த்தோம். உள்ளே சிவப்புப் பட்டு. நிஜ ஜரிகை அப்படித்தான் இருக்கும்: சிவப்புப் பட்டு நூல் மேலே வெள்ளிக் கம்பியைச் சுத்தி, அதுக்கு மேலே தங்க முலாம்.

கூடவே ஒரு ஸ்கெட்ச் புக். தங்கச்சி அலுவலக வேலைதான் பார்க்கிறாங்க, டிசைன் எதுவும் படிச்சதில்லை. கோயில்ல கோலம் போட்டுப் பழகின கை. புதுசா ஒரு பட்டு எடுத்து, அதுல அம்மா புடவையோட கரையை வெட்டி வச்சுத் தைச்சு, அதையே கூறையா கட்டிக்கணும்னு ஆசை.

இதைக் கேட்டதும் அவங்க அத்தைக்கு மனசு ஒப்பலை. அப்பாவோட அக்கா. அம்மா இல்லாததால மணவறையில உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்கப் போறது அந்த அத்தையும் மாமாவும்தான். "இல்லாதவங்க புடவையை மணவறைக்குக் கொண்டு வரலாமா? அதுவும் வெட்டி ஒட்டின துணியை?" ரெண்டு கேள்விதான் கேட்டாங்க. பொண்ணு அழுதுட்டாங்க. அப்பா எதுவும் சொல்லலை.

அத்தை சொன்னதை வெறும் பழைய பஞ்சாங்கம்னு தள்ளிவிட எங்களுக்கு மனசு வரலை. கூறைங்கிற சொல்லுக்கே துணின்னுதான் பொருள். தறியில இருந்து இறங்கின கோடித் துணியை, கத்தரி படாம, தட்டுல வச்சு சபையில பெரியவங்க எல்லாரும் தொட்டு ஆசீர்வதிச்ச பிறகு பொண்ணு உள்ளே போய் உடுத்தி வர்றாங்க. நம்ம ஊர்ல இன்னும் அப்படியே நடக்குது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில தன் கல்யாணக் கனவைச் சொல்றப்பவும் கோடிப்புடவை வருது. அதை உடுத்தி மாலை சூட்டிவிடுறது அந்தரி, அதாவது துர்க்கை. கண்ணனுக்குத் தங்கை முறைங்கிறதால நாத்தனார் ஸ்தானத்துல வந்து செய்றாள்னு பெரியவங்க விளக்கம் சொல்வாங்க. இப்பவும் மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சிதானே பொண்ணைக் கூட்டிட்டுப் போய்க் கூறை கட்டிவிடுறாங்க. இவ்வளவு காலமா வர்ற ஒண்ணை ஒரு ஸ்கெட்ச் புக்குக்காக மாத்தணுமா? எங்க குழுவுக்குள்ளேயே ரெண்டு பட்சம் ஆகிப்போச்சு.

குருக்கள் ஐயாகிட்ட போனோம். அவர் சிரிச்சார். "கூறை புதுசா, முழுசா இருக்கட்டும். அது மாப்பிள்ளை வீட்டுச் சீர். ரவிக்கை எப்படியும் வெட்டித் தைக்கிறதுதானே, அதை ஏன் என்கிட்ட கேக்குறீங்க?" அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, "தாய் விட்டுட்டுப் போனது பிள்ளைக்குச் சீர்தான். தைச்சு முடிச்சதும் கொண்டாங்க, அம்மன் பாதத்துல வச்சுத் தர்றேன்"னார்.

அத்தை அதுக்குச் சரின்னும் சொல்லலை, கூடாதுன்னும் சொல்லலை. "என்னமோ செய்ங்க"ன்னு எழுந்து போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரியே தங்கச்சி மொத்தத்தையும் திரும்ப வரைஞ்சாங்க. எங்களைக் கேட்டா முதல் படத்தைவிட ரெண்டாவதுதான் நல்ல படம். புடவையில போயிருந்தா ஐந்தரை மீட்டருக்கும் கரை வேணும். நல்ல கரை அவ்வளவு நீளம் கிடையாது, நடுநடுவே ஒட்டுத் தெரியும். ரவிக்கைக்குக் கொஞ்சம் போதும்.

ஆனா ரவிக்கையில எங்கே? இப்பக் கல்யாண ரவிக்கைன்னா முதுகு நிறைய ஆரி வேலை, முத்து, கல், சில பேருக்கு மணமக்கள் உருவமே வந்துடுது. பார்க்க அழகுதான், குத்தம் சொல்லலை. ஆனா முதுகைச் சடையும் ஜடைநாகமும் மூடிடும். முன்பக்கம் மாலை. மணவறையில ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பொண்ணுகிட்ட என்னதான் தெரியும்? கை. அட்சதை வாங்குறது, ஹோமத்துல பொரி இடுறது, தாரை வார்க்கிறப்ப நீட்டுறது, எல்லாம் கைதான். அதனால கரை ரெண்டு கையோட ஓரத்துக்கும் போகட்டும், முழங்கை வரைக்கும் கை வைக்கலாம்னு முடிவாச்சு. அம்மன்கிட்ட படிச்ச பாடம் இங்கே உதவுச்சு.

நிறம் இன்னொரு சிக்கல். முதல்ல தங்க மஞ்சள் பட்டு, அப்புறம் கூறை. மாத்துறதுக்குக் கிடைக்கிறது பத்து பதினைஞ்சு நிமிஷம். ரவிக்கையையும் சேர்த்து மாத்தினா வளையல், வங்கி எல்லாம் கழட்டி மாட்டணும். ரெண்டுக்கும் ஒரே ரவிக்கை பொருந்தணும்னா கரையோட பழைய அரக்கு நிறத்தையே எடுக்க வேண்டியதுதான். மாப்பிள்ளை வீட்டுல விஷயத்தைச் சொன்னோம். ஜாலான் தெங்கு கிளானாவுல கூறை எடுக்கப் போறப்ப மாமியாரே ரவிக்கைத் துணித்துண்டைக் கைப்பையில போட்டு எடுத்துட்டுப் போய் நிறம் பார்த்திருக்காங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு மாமியார் கிடைக்கணும், சும்மா சொல்லக்கூடாது.

கரைக்கு மேலே என்ன வர்றதுங்கிறதுதான் தங்கச்சியோட சொந்த வேலை. அவங்களோட பள்ளித்தோழி திரெங்கானுக்காரப் பொண்ணு. ஒரு நாள் அவங்க வீட்டுச் சொங்கெட் துணியைக் கொண்டு வந்து எங்க மேசையில விரிச்சாங்க. 2021-ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த நெசவு, தெரிஞ்சிருப்பீங்க. அதுல 'புச்சோக் ரெபோங்'னு ஒரு வடிவம், மூங்கில் குருத்து. வரிசையா கூர் கூரா முக்கோணம். நம்ம கோயில் கரையைப் பக்கத்துல வச்சா அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு! ரெண்டுல எதுக்கு எது மூலம்னு ஆராய நாங்க போகலை. தங்கச்சி ரெண்டையும் ஒண்ணு மேலே ஒண்ணு வரைஞ்சாங்க: கீழே அம்மாவோட கரை முக்கோணம், அதோட நுனியில இருந்து மூங்கில் குருத்து முளைச்சு மேலே மெலிஞ்சு போற மாதிரி. குருத்து மட்டும் ஆரி வேலை. எங்க குழுவுல ஒரு அக்கா 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்தப்ப வீட்டுல உட்கார்ந்து ஆரி கத்துக்கிட்டவங்க. டிரேசிங் தாள்ல ஊசியால குத்தி, வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில குழைச்சுத் தேய்ச்சா துணியில புள்ளி புள்ளியா படம் இறங்கிடும். கல், முத்து எதுவும் வைக்கலை. ஜரிகை நூல் மட்டும்.

முதல்ல காடாத் துணியில மூணு தடவை தைச்சுப் பார்த்தோம். கையைத் தூக்கி மாலை மாத்தச் சொல்லி, சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, குனிஞ்சு கால் தொடச் சொல்லி. ரெண்டாவது தடவை அக்குள்ல பிடிச்சது. மூணாவதுதான் சரி.

வெட்ட வேண்டிய சனிக்கிழமை வந்துச்சு. கத்தரியைக் கையில எடுக்க எங்கள்ல யாருக்கும் துணிவு வரலை. காடாத் துணின்னா தப்பா வெட்டினா இன்னொண்ணு வாங்கிக்கலாம். அப்ப அவங்க அப்பா உள்ளே வந்தார். வழக்கமா மகளை இறக்கிவிட்டுட்டுக் காடியிலேயே உட்கார்ந்திருப்பார். அறைக்குள்ள வந்தது அதுதான் முதல் தடவை. மேசையில விரிச்சிருந்த புடவையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தக் கரைக்காகத்தான் அவங்க இதை எடுத்தாங்க. விலை ஜாஸ்தி, வேற பாருன்னு நான் சொன்னேன்"னார். அதுக்கு மேலே பேசலை. ஒரு முனையை எடுத்து ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டார். மகள் வெட்டினாங்க. வெட்டி முடிக்கிற வரைக்கும் மிஷின், பேச்சு, ஃபோன் எல்லாம் நின்னு போச்சு.

அதுக்குப் பிறகு உள்ள வேலை பொறுமை வேலை. பழைய ஜரிகைக்கு அடியில மெல்லிய பருத்தித் துணி வச்சு, கையாலேயே தையல். மிஷின் ஊசி போட்டா இழை அறுந்துடும். இஸ்திரியும் மேலே துணி போட்டு மிதமான சூட்டுலதான். ஆறு சனிக்கிழமை ஆச்சு. துணி, நூல், லைனிங், ஊக்கு எல்லாம் சேர்த்து 400 வெள்ளிக்குள்ள முடிஞ்சது. கூலி கிடையாது. தங்கச்சி அதுக்குப் பதிலா ஆடிப்பூரம் வரைக்கும் பாவாடை மடிப்பு வேலைக்கு வர்றேன்னு சொல்லி, கல்யாணம் ஆன ரெண்டாவது வாரமே மாப்பிள்ளையோட வந்து நின்னாங்க. மாப்பிள்ளைக்கு நாடா வெட்டுற வேலை கொடுத்திருக்கோம்.

கல்யாணத்தன்னைக்கு நாங்க பார்த்த ஒண்ணே ஒண்ணு. தாரை வார்க்கிறப்ப அத்தை பொண்ணோட கையைத் தன் கையில வாங்கினாங்க. கரை அவங்க கண்ணுக்கு நேரா இருந்துச்சு. ஐயா தண்ணி விடச் சொல்லி ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவங்க மனசுல என்ன ஓடுச்சுன்னு நாங்க கேக்கலை. பந்தி முடிஞ்ச பிறகு எங்ககிட்ட வந்து, "அந்தக் கரை மிச்சம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு முழம் இருக்குன்னோம். "பத்திரமா வைங்க, அடுத்த வருஷம் என் மக கல்யாணம் இருக்கு"ன்னுட்டுப் பாயசம் வாங்கப் போயிட்டாங்க.

சரி, இப்ப நம்ம வேலைக்கு வருவோம். இந்தப் படங்களைப் பார்த்துட்டு நிறைய பேர் பழைய பட்டு கொண்டு வர்றோம்னு சொல்றீங்க. சந்தோஷம். வெளி ஆர்டர் எடுக்கிறதில்லை, கோயில் வேலை முதல்ல. ஆனா உங்க புடவையோட சனிக்கிழமை வந்து உட்கார்ந்தா, நீங்களே தைக்க நாங்க கூட இருப்போம். அம்மனுக்குக் கொடுக்கிறதா இருந்தா பட்டு இல்லன்னா பருத்தி கொடுங்க. பாலியஸ்டர் விளக்குப் பக்கத்துல நெருப்புப் பட்டா உருகி ஒட்டிக்கும், பட்டு அப்படி உருகாது. வீட்டுல வச்சிருக்கிற பட்டை மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து நிழல்ல காத்தாட விட்டு, மடிப்பை மாத்தி மடிங்க. வெள்ளைப் பருத்தித் துணியில சுத்தி வைங்க, பிளாஸ்டிக் பை வேணாம். அந்துருண்டை ஜரிகையில படக்கூடாது.

ஆடிப்பூரத்துக்கு அம்மன் பாவாடை ஆரம்பிச்சாச்சு. இந்த வருஷம் பச்சை. வளையல் கோக்கிறதுக்கு இன்னும் நாலு பேர் வேணும். ஊசி நூல் பிடிக்கத் தெரிஞ்சா போதும். ஆம்பிளைங்களும் வரலாம். சனிக்கிழமை 4 மணிக்கு, பின்வாசல் வழியா வாங்க. முன்வாசல்ல அன்னைக்கு ஒரு நிச்சயதார்த்தம் இருக்கு.