நிரூபிக்கச் சொன்னார்கள்

டிசம்பர் 3

விடியலிலிருந்தே தூறல். பால் வாங்கப் போனபோது ஓட்டோ நிற்குமிடத்தில் கிரிக்கெட் பேச்சு சூடாக இருந்தது. 2007 இல் இதே நாள்தான் அஸ்கிரிய மைதானத்தில் முத்தையா முரளிதரன் போல் கொலிங்வூட்டின் ஸ்டம்பைச் சாய்த்து 709 ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். ஷேன் வோர்னின் 708 பின்னால் போனது. "நம்ம ஊர்ப் பையன்" என்று நேற்று நடந்ததுபோல் சொல்கிறார்கள்.

அதற்கு முந்தின மாதத்தை யாரும் பேசவில்லை. அவுஸ்திரேலியாவில் இரண்டு டெஸ்ட் ஆடி, அடி வாங்கி, நாலே நாலு விக்கெட்டோடு வந்திருந்தார். அங்கேயே சாதனையை முடித்துவிடலாம் என்ற கனவோடு போனவர், 704 இல் நின்றபடி கண்டிக்குத் திரும்பினார். அந்த நாலு விக்கெட் பயணத்தை நினைக்காமல் 709 ஐக் கொண்டாடுவதில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை.

டிசம்பர் 4

இரவெல்லாம் அதே நினைப்பு. எழுதிவிட்டால் போய்விடும்.

முரளிதரனின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து போட்டுக்கொண்டிருந்த பையனை, பதினாலு வயதளவில் பயிற்றுநர் சுழலுக்குத் திருப்பினார். அதுவரை அந்தக் கை யாருக்கும் பிரச்சினையில்லை.

1995 டிசம்பர் 26, மெல்பர்ன். நடுவர் டரல் ஹெயார் பந்துவீச்சு முனையிலிருந்தே மூன்று ஓவர்களில் ஏழு தடவை, பந்தை எறிகிறார் என்று 'நோ போல்' சொன்னார். வேடிக்கை அதற்குப் பிறகுதான். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கிருந்து பன்னிரண்டு ஓவர். ஒரு சத்தமும் இல்லை. அதே கை, அதே பந்து. பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் முறை. முரளி லெக் ஸ்பின் போட்டுப் பார்த்தார். கையை மடக்கி நீட்டுவது மிகக் கடினம் என்று சொல்லப்படும் அந்தப் பந்துக்கும் 'நோ போல்'!

பெர்த்திலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழகங்களில் கையைப் படம் பிடித்தார்கள், அளந்தார்கள். எறிகிற மாதிரித் தெரிவது கண்ணின் மயக்கம் என்றார்கள். முடிந்ததா? 1999 ஜனவரியில் அடிலெய்டில் மறுபடி எமர்சன். இந்த முறை ரணதுங்க அணியையே எல்லைக்கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நின்றார். பேசி முடித்துத் திரும்பி வந்து, இங்கிலாந்தின் 302 ஐ ஒரு விக்கெட் மிச்சமிருக்கத் தாண்டினார்கள். 2004 இல் 'தூஸ்ரா' என்கிற பந்துக்கு மறுபடி பரிசோதனை. அவுஸ்திரேலியப் பிரதமரே 'எறிகிறவர்' என்று சொன்னதும் அந்த வருடம்தான். முழங்கை அசையாதபடி விறைப்பான கவசம் மாட்டிக்கொண்டு, கமராவுக்கு முன்னால் தன் பந்துகளையெல்லாம் போட்டுக் காட்டினார். மற்றவர்களையும் அளந்து பார்த்தபோது, நேர்க்கை என்று பேர்வாங்கியவர்களின் கையும் வளைவது தெரிந்தது. 2005 இல் எல்லாருக்கும் பதினைந்து பாகை வரை முழங்கை நீளலாம் என்று விதி மாறியது.

கவசம் மாட்டிய அந்தக் கையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போக நியாயமும் இருந்தது.

டிசம்பர் 6

இன்று மழை விட்டது. குண்டசாலைப் பக்கம் ஒரு வேலை. முரளியின் தகப்பனாரின் பிஸ்கட் தொழிற்சாலை இந்தப் பக்கம்தான். 1977 கலவரத்தில் அதை எரித்தார்கள். பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. தகப்பனார் மறுபடி கட்டினார். அவருடைய தகப்பனார் 1920 இல் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர், பிற்காலத்தில் திரும்பிப் போய்விட்டார். மகன் இங்கேயே நின்றார்.

நிற்பது லேசான காரியமாக இருக்கவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்கு எந்தப் பத்திரம்? அடுத்த வருடச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மிஞ்சியவர்களை இரு நாடுகளுக்கும் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இங்கே 3,00,000, ஒன்றரை இலட்சம் பிறகு பார்க்கலாம். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம்மாட்கள் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் வழி பிறந்தது 2003 இல்தான்.

ஐம்பத்தைந்து வருடம் ஒரு சனத்திடம் 'நிரூபி' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று பழகிவிடும். அவமானத்தை ஒரு கையிலும் பைலை மறு கையிலும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பதைத்தான் சொல்கிறேன். முரளி லயத்தில் வளர்ந்தவரல்ல, வசதியான வீட்டுப் பிள்ளை. ஆனாலும் பெர்த்தில் சட்டையைக் கழற்றி நின்றபோது அந்தப் பழக்கம் கைகொடுத்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

டிசம்பர் 7

நேற்று எழுதியதை வாசித்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாஸ்டர் சிரித்தார். "அவர் அரசியல் பேசினதையும் எழுதுங்களேன்." எழுதுகிறேன்: அந்தப் பேச்சு எனக்கு ஒட்டவே ஒட்டாது. பந்துக்காக மதிக்கிறவரைப் பேச்சுக்காகவும் மதிக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

இன்னொன்றும் மாஸ்டர் சொன்னார், அது நியாயம். முரளிக்கு ஒரு அர்ஜுன இருந்தார். எல்லைக்கோடு வரை கூட வர ஆளில்லாதவர்களின் தைரியம் கணக்கில் வருவதில்லை.

டிசம்பர் 11

ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள். அடையாள அட்டை விஷயம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தாயின் பெயர் ராஜேஸ்வரி, பாடசாலைப் பதிவில் ராசேஸ்வரி. ஒரு எழுத்துக்காக ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கடிதம் கேட்கிறார்கள். இன்று அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன்.

நான் கத்தத் தயாராக இருந்தேன். அவள் என் கையைப் பிடித்து இருத்திவிட்டுச் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டாள்: "இனி என்னென்ன வேணும்னு எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வெச்சுத் தாங்க மிஸ். அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டீங்கதானே?" அந்த அம்மா கொஞ்ச நேரம் இவளையே பார்த்தார். பிறகு தாளை இழுத்து எழுதினார். சத்தியக் கடதாசி, தாயின் திருமணப் பதிவு, அதிபரின் கடிதம். கீழே கையெழுத்து, முத்திரை.

முதல் வேலையாக அதைப் போட்டோ கொப்பி எடுத்தாள்.

"நான் வேணும்னா உரக்கப் பேசியிருப்பேனே பிள்ளை."

"பேசினா இன்னைக்கு மட்டும்தான் மாமா கேப்பாங்க. கையெழுத்து நாளைக்கும் இருக்கும்."

அதிபர் இரண்டு மணிவரைதான் பாடசாலையில் இருப்பாராம். சாப்பாட்டை விட்டுவிட்டுத் தலாத்துஓயா பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.