ஆள் இறங்கும் ஏணியை வரைந்தவர்கள்

எங்கள் டிராயிங்குகளின் வலது கீழ்மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கையெழுத்து. அதில் இரண்டாவது கையெழுத்து எங்களுடையது. குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்கு வரைபடம் போடும் சென்னை அலுவலகம் ஒன்றில் நாங்கள் நான்கு பேர் சீனியர் மெக்கானிக்கல் டிசைன் இன்ஜினியர்கள். நால்வருமே சேரியிலிருந்து படித்து வந்த முதல் தலைமுறை.

எங்களில் ஒருவரின் அப்பா பாதாளச் சாக்கடையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். மகனுக்கு வேலை கிடைத்த அன்று, "நீயும் சாக்கடைக்குத்தான் போறியாப்பா?" என்று கேட்டார். "ஏசி ரூம்ல உக்காந்து வரையிற வேலைப்பா" என்று சிரித்தோம்.

கழிவுநீர் உந்து நிலையம் என்பது ஏழெட்டு மீட்டர் ஆழக் கிணறு. அடியில் நீர்மூழ்கி பம்ப். துணியும் நாப்கினும் சுற்றி அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க ஆள் இறங்கத் தேவையே இல்லை. மேலிருந்து அடிவரை இரண்டு கைடு பைப்புகள் நிற்கும். சங்கிலியை இழுத்தால் பம்ப் அவற்றைப் பிடித்தபடி ஏறி வரும். திரும்ப இறக்கினால் தன் எடையாலேயே டெலிவரி பைப்போடு பொருந்திவிடும். போல்ட் முடுக்கும் வேலைகூட இல்லை.

பிறகு ஏன் ஆள் இறங்குகிறார்? சாக்கடையில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஈரச் சுவரில் பாக்டீரியாவால் கந்தக அமிலமாகி இரும்பைத் தின்றுவிடும். பைப் இற்றுப்போனால் பம்ப் பாதியில் மாட்டிக்கொள்ளும். சங்கிலி அறுந்தால் அடியிலேயே கிடக்கும்.

ஒரு திட்டத்தில் நாங்கள் பைப்புக்கும் சங்கிலிக்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எழுதியிருந்தோம். செலவைக் குறைக்கும் கூட்டத்தில் அது ஜிஐ பைப்பும் சாதா இரும்புச் சங்கிலியும் ஆனது. மொத்தச் செலவில் அது கடுகளவு. "மாட்டிக்கிட்டா என்ன சார், ஆள் இறங்கி எடுத்துடுவான்" என்றார் ஒப்பந்தக்காரர் தரப்பில் வந்தவர். 'எந்த ஆள்?' என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்குத்தான் விடை தெரியுமே. கையெழுத்துப் போட்டோம்.

நான்கு வருடம் கழித்து அதே நிலையத்துக்குப் போனபோது, இடுப்பில் கயிறும் முகத்தில் கைக்குட்டையுமாக ஒருவர் ஏறி வந்தார். அந்த வாயு 100 பிபிஎம் அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. கைக்குட்டை எதற்கு உதவும்? நாங்கள் யார் என்று தெரிந்ததும் அவர் சொன்னார்: "படி நல்லா வெச்சிருக்கீங்க சார். மத்த எடத்துல அதுகூட இல்ல."

அந்த ஏணியைப் பழைய டிராயிங் ஒன்றிலிருந்து யோசிக்காமல் நகல் எடுத்திருந்தோம்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தான முறையில் சாக்கடை சுத்தம் செய்ய வைப்பதைத் தடை செய்கிறது. ஆனால் பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்குவதைத்தான் அது 'ஆபத்தான' என்று வரையறுக்கிறது. கருவி கொடுத்ததாகக் கணக்கு எழுதித் தப்பிக்க அது போதும். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. அது செத்த பிறகு வரும் பணம். பைப் இற்றுப்போகுமா என்பது அதற்குப் பல வருடம் முன்பே ஏசி அறையில் முடிவாகிவிடுகிறது.

களத்தில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. உந்து நிலையத்தில் சாவு நடந்தால் எஃப்ஐஆரோடு நின்றுவிடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் டிராயிங்கையும் பொருள் அளவுப் பட்டியலையும் கேளுங்கள். எந்த உலோகம் எழுதப்பட்டது, யார் மாற்றினார்கள், யார் கையெழுத்து என்று பாருங்கள். எங்கள் கையெழுத்தாகவும் இருக்கலாம்.

இப்போது ஏணி வரைவதில்லை என்று எங்களில் இருவர் முடிவெடுத்திருக்கிறோம். ஏணி இல்லாவிட்டால் கயிற்றில் கட்டி இறக்குவார்கள், அது இன்னும் மோசம் என்கிறார்கள் மற்ற இருவர். அந்தத் தகராறு தீரவில்லை. ஜிஐ பைப் விஷயத்தில் மட்டும் நால்வரும் ஒன்று. போன மாதம் ஒரு டிராயிங் மறுபடியும் ஜிஐ என்று திருத்தப்பட்டு வந்தது. இரண்டாவது கட்டம் காலியாக, மேசையில் அப்படியே கிடக்கிறது.