பெட்டியைப் பிரிக்கும் முன்

இந்தக் கட்டுரை ஒரு காரைப் பற்றியது. அந்தக் காரை நான் இதுவரை தொட்டதுகூட இல்லை. ஆனால் அதன் எஞ்சினைப் பற்றி என் சொந்த பைக்கைவிட அதிகமாகத் தெரியும்.

கார் 1990 மாடல் மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கை, துணிக் கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். வைத்திருப்பவர் என் பெரியம்மா மகன். மிச்சிகனில் இருக்கிறார். நம்மைப் போலவே மெக்கானிக்கல் படித்துவிட்டு, பதினைந்து வருஷமாக சாஃப்ட்வேரில் இருப்பவர். போன வருஷம் பழைய சூப்பர்சார்ஜர் கிட் ஒன்று கிடைக்குது என்று சேமிப்பை எடுத்து வாங்கிவிட்டார். பெட்டி வந்த அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போட்டோ. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, ஞாயித்துக்கிழமை மாட்டிடலாம்டா, ரெண்டு நாள் வேலைதான்."

"அண்ணா, மாட்டுறது ரெண்டு நாள். வண்டி தாங்குமான்னு மொதல்ல பாத்துடலாமே?" என்றேன். அதற்கப்புறம் எட்டு மாதமாக ஞாயிறு இரவுகளில் நாங்கள் பேசுவது இதைப் பற்றி மட்டும்தான்.

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது என்று ஜூனியர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன் இறங்கும்போது தானே காற்றை இழுத்துக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட்டலாம், சக்தியும் கூடும். டர்போவை எக்ஸாஸ்ட் புகை சுற்றுகிறது. இதை கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து வரும் பெல்ட் சுற்றுகிறது. இந்த பெல்ட் விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் வரும்.

அண்ணன் வாங்கியது ஈட்டன் எம்45 பொருத்திய கிட். ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 737 சிசி காற்றைத் தள்ளும். 6 பி.எஸ்.ஐ. பூஸ்ட் வைத்துக்கொண்டால் அழுத்த விகிதம் 1.41. "அப்போ 41 சதவீதம் பவர் ஏறும்" என்று அண்ணன் குஷியாகிவிட்டார். நான் தெர்மோ நோட்டை எடுத்தேன். காற்றை அழுத்தினால் சூடாகும். 27 டிகிரி காற்றை இந்த அளவுக்கு அழுத்தினால், இழப்பே இல்லாவிட்டாலும் 31 டிகிரி ஏறும். கம்ப்ரஸரின் திறன் 60 சதவீதம் என்று எடுத்தால் ஏற்றம் 52 டிகிரி. எஞ்சினுக்குள் போகும் காற்று 79 டிகிரியில் இருக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. கணக்கை முடித்தால் கூடுதலாகக் கிடைக்கும் காற்று 41 இல்லை, சுமார் 20 சதவீதம். நடுவில் இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 33 வரை போகலாம். செமஸ்டரில் பத்து மார்க்குக்கு எழுதிய அதே சூத்திரம்தான். அது ஒரு மனிதனின் பட்ஜெட்டை மாற்றுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சூட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 9.4. ஏற்கெனவே அழுத்திய சூடான காற்றை அதற்குள் மறுபடி அழுத்தினால், தீப்பொறியின் சுவாலை வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அதுதான் நாக்கிங். பிஸ்டனை ஓட்டை போடவும் அதால் முடியும். இதைத் தவிர்க்க இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ள வேண்டும், நல்ல ஆக்டேன் பெட்ரோல் வேண்டும், பூஸ்ட்டில் கலவை செழிப்பாக இருக்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. பூஸ்ட்டில் 12-க்குக் கிட்டே. ஆனால் 1990 மாடலில் காற்றை அளப்பது ஒரு சின்னக் கதவு. அது முழுசாகத் திறந்த பிறகு எவ்வளவு காற்று போனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆகவே பெரிய இன்ஜெக்டர், நாமே ட்யூன் செய்யக்கூடிய ஈ.சி.யூ., கலவையை நேரடியாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் மூன்றும் பட்டியலில் ஏறின.

(ஒரு துணுக்கு: அமெரிக்க பங்க்கில் போட்டிருக்கும் 93 வேறு, நம் ஊர் ஆக்டேன் எண் வேறு. நம்முடையது ஆர்.ஓ.என். அளவு. அவர்களுடையது இரண்டு அளவுகளின் சராசரி. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.)

இதெல்லாம் பேப்பர் வேலை. அடுத்து எஞ்சினின் உடல்நிலை. முப்பது வருஷம் தாண்டிய எஞ்சினில் பூஸ்ட் ஏற்றுவது, பரிசோதனை செய்யாமல் தாத்தாவை மாரத்தானுக்கு அனுப்புகிற மாதிரி. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுசாகத் திறந்து கம்ப்ரஷன் டெஸ்ட். 178, 175, 180, 176 பி.எஸ்.ஐ. நான்கும் நெருக்கமாக இருந்தது. எண்ணைவிட அந்த நெருக்கம்தான் முக்கியம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் ரிங்கோ, வால்வோ, ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கும்.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பாகியிருந்தது. அது வயசானதன் அடையாளம், மாற்றியே ஆக வேண்டும். இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். இந்த எஞ்சின் குடும்பம் முதலில் மாஸ்டா 323 காரில் குறுக்குவாட்டில் இருந்தது. மியாட்டாவில் அதை நீளவாட்டில் வைத்தபோது பின்பக்கம் இடமில்லாமல், ஹெட்டின் பின்னால் இருந்த கூலன்ட் வாயை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். அதனால் கடைசி சிலிண்டருக்குக் குளிர்ச்சி கொஞ்சம் குறைவு. சாதாரண ஓட்டத்தில் பிரச்சினை இல்லை. பூஸ்ட் ஏற்றுகிறவர்கள் பலர் இந்த வழியைப் பழையபடி பின்பக்கத்துக்கே மாற்றிவிடுகிறார்கள்.

இப்போது பெல்ட். 1990-லும் 1991-ன் முற்பகுதியிலும் வந்த மியாட்டா எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முனை குட்டை. புல்லியின் நடுவில் நான்கு பள்ளம் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு. குட்டை மூக்கில் அந்த போல்ட்டைச் சரியாக முறுக்காவிட்டால், சாவிக்கட்டை உட்காரும் கீவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். "அண்ணா, எஞ்சினை ஐடிலில் விட்டு புல்லியை வீடியோ எடுங்க" என்றேன்.

வீடியோ வந்தது. நான்கு பள்ளம். புல்லி லேசாகத் தள்ளாடியது.

முன்னால் வைத்திருந்தவரின் காலத்தில் யாரோ ஒரு மெக்கானிக் டைமிங் பெல்ட்டை மாற்றியபோது போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை போல. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6,500 ஆர்.பி.எம்.மில் இந்த சூப்பர்சார்ஜரைச் சுற்ற மட்டும் சுமார் 6 கிலோவாட் வேண்டும், அதாவது 8 குதிரைத்திறன். ஒரு ஸ்பிளெண்டர் பைக்கின் மொத்த சக்தி! அத்தனையும் தேய்ந்துபோன அந்த ஒரு முனை வழியாகத்தான் போகணும். அதே முனையில்தான் டைமிங் பல்சக்கரமும் இருக்கிறது. அது நழுவினால் கேம் டைமிங் கெட்டு, நெடுஞ்சாலை நடுவில் எஞ்சின் நின்றுவிடும்.

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணிகிட்ட இன்னொரு எஞ்சின் வாங்கணும்னு எப்படிடா சொல்றது?" என்றார். கீவேயில் பசை போட்டு ஒட்டுகிற வைத்தியமும் இருக்கிறது. சாதாரணமாக ஓட்டுகிறவர்களுக்கு அது சரிப்படலாம். ஆனால் பூஸ்ட்டை நம்பி ஒப்படைக்க அவருக்கு மனசு வரவில்லை. மூன்று மாதம் காத்திருந்து, நீள மூக்கு உள்ள 1.6 எஞ்சின் ஒன்றை வாங்கினார். அதற்கும் முதல் வேலை கம்ப்ரஷன் டெஸ்ட்தான்.

எஞ்சின் சரி, அதற்குப் பின்னால்? 136 நியூட்டன் மீட்டர் டார்க் முதல் கியரில் 3.136 மடங்காகி, டிஃபரன்ஷியலில் 4.3 மடங்காகி, ஆக்ஸிலுக்கு 1,834 ஆகப் போய்ச் சேருகிறது. இதை 30 சதவீதம் கூட்டினால் 2,380-ஐத் தாண்டும். 1.6 மாடலின் கிளட்ச் 200 மி.மீ., டிஃபரன்ஷியலின் ரிங் கியர் 6 அங்குலம். இந்த 6 அங்குலம் டார்க்கைத் தாங்காது என்பது மியாட்டா உலகில் ஊரறிந்த ரகசியம். 1994-ல் 1.8 எஞ்சின் வந்தபோது கிளட்ச் 215 மி.மீ. ஆனது, ரிங் கியர் 7 அங்குலம் ஆனது. நல்ல வேளை, 1.8-ன் ஃபிளைவீலும் கிளட்ச்சும் 1.6-ல் பொருந்தும். டிஃபரன்ஷியலை மாற்றும்போது மட்டும் ஆக்ஸில்களும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்தே மாற வேண்டும். ஒரு கண்ணியைப் பலப்படுத்தினால், அடுத்த கண்ணிதான் பலவீனமானது ஆகிவிடுகிறது.

இதற்கு நடுவில் எனக்கு கேம்பஸில் ஐ.டி. ஆஃபர் வந்தது. கோர் கம்பெனி ஒன்றில் கடைசி ரவுண்டு வரை போய் கிடைக்கவில்லை. வீட்டில் கல்விக் கடன் இருக்கிறது. ஆஃபரை ஏற்றுக்கொண்டேன். அண்ணனிடம் சொன்னபோது வாழ்த்துவார் என்று நினைத்தேன். "நானும் அப்படித்தான்டா சேர்ந்தேன். ரெண்டு வருஷத்துல மாறிடலாம்னு நெனச்சேன். பதினஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. போ, சம்பாதி. ஆனா கையில கிரீஸ் படாம ஒரு மாசம்கூட விடாதே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரி கிளட்ச் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்றைய நிலவரம்: புது எஞ்சின் உட்கார்ந்துவிட்டது, ரேடியேட்டர் மாறிவிட்டது, கிளட்ச் ஷெல்ஃபில் காத்திருக்கிறது, 7 அங்குல டிஃபரன்ஷியலைத் தேடிக்கொண்டிருக்கிறார். சூப்பர்சார்ஜர் இன்னும் பெட்டியில்தான்.

நம் தெர்மல் லேப் அலமாரியில் ஒரு கம்ப்ரஷன் கேஜ் தூசி படிந்து கிடக்கிறது. லேப் அண்ணனிடம் கேட்டு வைத்திருக்கிறேன், சனிக்கிழமை மதியம் தருவார். வீட்டில் அப்பாவின் பழைய பைக் இருந்தால் கொண்டு வாருங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு முறை அளந்து பார்க்கலாம்.