அரை நொடி மௌனம்

நான் காரைக்காலில், மகன் பாரிஸில். 2025 செப்டம்பரில் வீடியோ காலில் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டால், பதில் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது. 'பேசப் பிடிக்கலையோ' என்று மனசு சுருங்கிவிட்டது.

மகன் சிரித்தான். "செங்கடல்ல கேபிளுங்க அறுந்துடுச்சும்மா. சென்னை வழியா பிரான்ஸ் வர்ற கேபிளும் அதுல ஒண்ணு. சுத்துவழியில திருப்பி விட்டிருக்காங்க. கேபிளுக்குள்ள ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். தூரம் கூடினா தாமதமும் கூடும்."

"செல்போன்ல சினிமா மட்டும் நிக்காம ஓடுதே?"

"அதோட நகலை சென்னை மாதிரி பக்கத்து ஊர் சர்வர்லயே வெச்சிருப்பாங்க."

பிள்ளையின் பதிலை அப்படி முன்கூட்டியே வைக்க முடியுமா? இப்போதெல்லாம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். அந்த மௌனம் மனக்கசப்பு இல்லை, வெறும் தூரம்தான்!