டயருக்கும் தேதி உண்டு

பொங்கலுக்குப் புனேயிலிருந்து மதுரைக்குக் காரிலேயே போவதாக முடிவு. நாலு டயரும் வழுக்கையாகிவிட்டதால் மாற்றப் போனோம். கடைக்காரர் ஒரு செட்டைக் காட்டி, "சாப், உங்களுக்காக டயருக்கு ஐநூறு ரூபாய் தள்ளுபடி" என்றார். என் கை பர்ஸுக்குப் போய்விட்டது.

தங்கமணி லாரிக்காரர் பெண். குனிந்து டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தாள். கடைசி நாலு எண் 1421.

"2021-ல 14-வது வாரம் செஞ்சதுங்க. ஓடலைன்னாலும் ரப்பர் வயசாகி இறுகிடும். வேண்டாம்."

மூணு மாசம் தாண்டிய செக்கை தினமும் திருப்பி அனுப்புகிறவன் நான். பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்து 1200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப்போகும் டயரில் தேதி பார்க்கவில்லை!

தள்ளுபடி இல்லாமல், புதுசாக வந்த டயரையே போட்டோம். நீங்களும் விலை கேட்பதற்கு முன் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.